பதினான்கு

விபூதிப் புதன், காலைப் பூசை.
தேற்றாத்தீவுக் கோயிலில்
சாமியின் பெருவிரல் என் நெற்றியில் வைத்த சாம்பலை
எனக்குப் பின்னால் நின்ற
பஸ்தியான் அண்ணனுக்கும் வைத்தது.

பூசை முடிய, வாசலில்,
மகனின் காய்ச்சலைத்தான் முதலில் விசாரித்தார்.
கட்டாரிலிருந்து காசு வந்ததா என்றார்,
மெல்லமாய், அக்கறையாய்.
மறுகா சொன்னார்:
"மீற்றர் காட்டுறதை விட ரெண்டு கூட்டி எழுது.
களவில்லை ஜெசிந்தா. கணக்கு."

உறை மெல்லியது.
ஸ்கூட்டியில், சோற்றுப் பெட்டிக்கு அடியில்
வைத்தேன் என்பதா, கிடந்தது என்பதா?
அந்த ஒரு வினைச்சொல்லில்
குருமன்வெளி மட்டும் தடுமாறினேன்.

துறையில் பாதை வரும்வரை நின்றேன்.
இங்கே வாவி கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை.
எட்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆடு,
காதில் போனோடு ஒரு தாதி, நான்.
நடு வாவியில்
எழுவான்கரையும் இல்லை, படுவான்கரையும் இல்லை.
அங்கே செபம் சொல்லத் தொடங்கினேன்,
தூக்கத்திலும் வருகிற செபம்.
சோதனை என்ற சொல் வந்த இடத்தில்
நாக்கு விரைந்தது,
தரிப்பில் நிறுத்தாத பஸ் போல.

வனாந்தரத்தில் அவருக்குக் கல்லைக் காட்டினானாம்.
எனக்கு யாரும் கல் காட்டவில்லை.
மருந்துத் துண்டு, அடகுச் சீட்டு,
வெள்ளிக்கிழமை முடிகிற தவணை.
எனக்கு அப்பமாகவே வந்தது.

மண்டூர் ஸ்ரோர் வாசலில் உழவு இயந்திர வரிசை.
முதல் மாதிரி கதிராமப்போடியின் நெல்.
மீற்றர் காட்டியது பதின்மூன்று தசம் எட்டு.
பதினான்கைத் தாண்டினால் ஸ்ரோர் எடுக்காது.
ரோட்டில் நிற்கிற பஸ்தியான் அண்ணனின் லொறி எடுக்கும்,
அது சொல்லும் விலைக்கு.

பதினைந்து தசம் எட்டு என்று எழுதினேன்.
களவிலும் கூட்டல் பிழைக்கக் கூடாது.
கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.
நடுங்கவில்லை.
அதற்குப் பயந்தது பிறகுதான், இரவில்.

அவர் சண்டை பிடிக்கவில்லை.
"மூணு நாள் வெயில்ல கிடந்த நெல்லு,"
என்று தனக்குத்தானே சொன்னார்.
ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்தார்.
டக்.
பிறகு என் நெற்றியைப் பார்த்தார்,
தன் மூன்று குறிக்குக் கீழே கண் சுருக்கி:
"இண்டைக்கு நீங்களும் பூசியிருக்கிறீங்க மிஸ்?"
சிரித்தார். அவ்வளவுதான்.

"மெசின்ல பிழை ஐயா,
இன்னொருக்கா வைப்பம்."

மெசினில் ஒரு பிழையும் இல்லை.
எழும்பும்போதும்
ஒரு பொய்யை ஊன்றித்தான் எழும்பினேன், ஆண்டவரே.
வெட்டி எழுதிய இடத்தில்
என் கையெழுத்து இருக்கிறது,
பார்க்க விரும்பினால்.

அதற்குப் பிறகும் நாற்பத்தொரு மாதிரி வந்தது.
ஒவ்வொன்றுக்கும்
கண் ஒரு எண்ணை வாசித்தது,
கை வேறொரு எண்ணை ஞாபகப்படுத்தியது.
ஒரே தரம் வென்றால் போதுமென்று
யாரோ பிரசங்கத்தில் சொன்ன நினைவு.
அவருக்கு நெல் அளக்கிற வேலை இருந்திராது.

பின்னேரம் அவர் கேற்றடியில் உறையைக் கொடுத்தேன்.
அண்ணி பிளேன்ரீ தந்தா, இஞ்சி போட்டு.
பஸ்தியான் அண்ணன் கோபிக்கவில்லை.
எண்ணியும் பார்க்கவில்லை.
"மகனுக்கு இப்ப எப்படி?" என்றார்.
பிறகு, படலையைச் சாத்தும்போது:
"அறுவடை இன்னும் ரெண்டு கிழமை கிடக்குத்தானே."

நல்ல மனிசன். அதுதான் கஷ்டம்.

இரவு அரிசி கழுவும்போது
உமி போகாத ஒரு மணி விரலில் பட்டது.
எறியாமல் கடித்துப் பார்த்தேன்.
ஊறியிருந்தது. சத்தமே வரவில்லை.

மகன் புரண்டு படுத்தான்.
தொட்டேன், இன்னும் சுடுகிறது.
அடகுச் சீட்டு அலுமாரியில்.
நெற்றியில் சாம்பல் எப்போது போனதென்று தெரியாது.
நாளைக்கும் பாதை ஏழரைக்கு.