மழைநாளுக்கு என்ன எண்

சங்காட் ஜோங் செம்பனை ஆலை அலுவலகத்தில்
இரவு ஒன்பதரை. ஏர்கோன் மட்டும் என்னோடு முனகுகிறது.
நவம்பர் கணக்கு நாளை காலை எட்டுக்குள்
ரோஸ்லான் மேசைக்குப் போக வேண்டும்.

முதலில் பெயர்கள்.
அமராவதி ஏ/பி சடையன்
மூன்று பேராக இருக்கிறாள்:
ஒருத்தி சின்ன எழுத்தில், ஒருத்தி பெரிய எழுத்தில்,
ஒருத்தி முன்னால் ஓர் இடைவெளியோடு,
உள்ளே வரலாமா என்று கேட்காமல் கேட்கிற மாதிரி.
ட்ரிம் போட்டு இடைவெளியை நறுக்கினேன்.
அப்பர் போட்டு எல்லா எழுத்தையும் ஒரே உயரமாக்கினேன்.
வரிவரியாகப் போகும் வேலை இது,
குலைக்குக் குலை காம்பு வெட்டுவதுபோல.
நூறு வரி கொடுத்தால் நூறு வரி திரும்பும்,
யாரும் காணாமல் போவதில்லை.

இருந்தும் ஆள்கணக்கு 214இலிருந்து 212 ஆனது.
மண்டோர் நாளைக்குக் கேட்பார், ரெண்டு ஆள் எங்கே என்று.
ரெண்டு பேருமே அமராவதிதான் அண்ணே.

பிறகு திரட்டும் வேலை.
இதற்கு ஆலையின் குணம்:
லாரி லாரியாய்க் குலை உள்ளே போகும்,
குழாயில் எண்ணெய் மட்டும் வெளியே வரும்.
நீ எந்த மரத்துப் பழம் என்று
எண்ணெயிடம் கேட்க முடியாது.
அமராவதிக்கு, சம்: 22.8 டன்.
மேக்ஸ்: 1.9. எந்தத் தேதி என்று அது சொல்லாது.
ஆவரேஜ்: 1.2.
போனஸ் கோடு 1.1.
தாண்டிவிட்டாள்.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ரோஸ்லான், மலாயில்:
காலிக் கட்டமெல்லாம் பார்க்க அசிங்கம்,
பூஜ்யம் போட்டு நிரப்பு.

ஒரே ஒரு சொல் போதும்,
நல் இருக்கும் இடமெல்லாம் பூஜ்யம் உட்காரும்.
எழுதிப் பார்த்தேன், சேமிக்காமல்.
சம் அசையவில்லை, அதே 22.8.
ஆவரேஜ் 0.88க்கு இறங்கியது.
ஒரு கிலோ குறையவில்லை.
போனஸ் மட்டும் போய்விட்டது.

ஏழு நாள் மழை. டிராக்டர் அச்சுவரை புதைந்தது.
பிரட்டுக் களத்திலிருந்தே ஆள்களைத் திருப்பி அனுப்பினார்கள்.
அவள் வராத நாளா அது,
வேண்டாம் என்று இவர்கள் சொன்ன நாளா?
சராசரி நல்லைத் தாண்டிக் குதித்துவிடும்.
பூஜ்யத்தைத் தோளில் ஏற்றிக்கொள்ளும்.

ஆனால் ஷஃபிகுலும் இருக்கிறானே.
மாதத்தில் நாலே நாள், நாலும் வெயில் நாள்,
ஆவரேஜ் 1.6, எல்லாரையும்விட மேலே.
மற்ற நாளெல்லாம் டெங்கி வார்டிலா,
பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசு வேலையிலா,
நல் வாய் திறப்பதில்லை.

பூஜ்யம் போடவில்லை. நல்லை ஒளிக்கவும் இல்லை.
இரண்டு எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
எல்லா வரிக்கும் கவுண்ட்: 26.
எடை உள்ள வரிக்கு மட்டும் கவுண்ட்: 19.
நடுவில் விடுபட்ட ஏழை
அவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

அனுப்புமுன், ஏனோ,
மழைமானி அட்டவணையைத் திறந்தேன்.
முப்பது நாள், முப்பது எண். அளவில் ஒரு நல் இல்லை.
பெய்யாத நாளுக்குக்கூட
யாரோ விடியலில் குனிந்து
காலிக் குழாயைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து
பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்.

எழுதியவர் பெயர் என்ற பத்தி மட்டும்
ஒன்றாம் தேதியிலிருந்தே காலி.