பதினேழாம் கேள்வி

புறாமலைக்குச் சனம் ஏற்றும் போட்டுக்காரர் எல்லாருக்கும்
இனிச் சான்றிதழ் வேணுமாம்.
இல்லாட்டி இந்த சீசனுக்கு லைசன் இல்லை.
கொழும்புக்குப் போகத் தேவையில்லை அண்ணை,
போனிலேயே படிச்சுப் பாஸ் பண்ணலாம் என்றான்
கொமியூனிகேசன் கடை சஜீபன்.
அவன்ர கார்ட்டில் கட்டி
காசைக் கையில் குடுத்தேன்.

பெயர் எழுதும் கட்டத்தில் பெயர் கொள்ளவில்லை.
தில்லையம்பலம் குணரெத்தினம்
தில்லையம்பலம் குணரெ என்று நின்றது.
சரி,
உயிர் காக்க இவ்வளவு பெயர் போதும்.

இரவில்தான் டேட்டா மலிவு.
அலஸ்தோட்டத்துக் காற்று யன்னலை அடிக்க
தலையணையைத் தரையில் போட்டு
மண்டியிட்டேன்.
மனிசி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தன்ர தலையணையை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் பாடம்:
கிட்டப் போக முன்னம் பார்,
இடம் பாதுகாப்பானதா?
வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்
இடமும் வலமும் திரும்பினாள்.
ஒரு வினாடி. போதுமாம்.
நான் அதை நிப்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.
அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே
விழுந்தவனைக் கடந்து போன வருசங்கள்
இந்த ஊருக்கு இருக்கு.
கடந்து போன கால்களில் இரண்டு என்னுடையவை.
பிறகு
அம்புக்குறியை அமத்தினேன்.

தோளில் தட்டி உரக்கக் கேள், உங்களுக்கு ஒண்டுமில்லையே?
எந்தப் பாசையில் என்று சொல்லவில்லை.

நெஞ்சை அமத்தும் வேகத்துக்கு
ஏதோ இங்கிலீசுப் பாட்டைச் சொன்னார்கள். தெரியாது.
நிலாவெளி பஸ் கொண்டக்டர்
தகரத்தில் தட்டுவானே, போ போ போ,
அதைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தைந்து கேள்வியில் இருபத்துநாலு சரி.
பிழைத்தது பதினேழாவது:
எப்போது நிறுத்தலாம்?
ஆம்புலன்ஸ் வந்தால். நீ களைத்தால். இடம் ஆபத்தானால்.
அவன் மூச்சு விட்டால்.
மேற்சொன்ன எல்லாம்.
மூச்சு விட்டால் என்பதை மட்டும் குறித்தேன்.
சிவப்பாய் ஒரு புள்ளடி வந்தது.

வைகாசி வெய்யில்.
ஐஸ் கொம்பனி வாசலில் லாபிர் விழுந்தான்.
கிண்ணியா லாபிர்.
புறொப்பெல்லர் வாங்க என்னிடம் எடுத்த நாற்பதாயிரத்துக்கு
மூன்று வருசமாய் ஒளிச்சுத் திரிகிறவன்.
என்னைக் கண்டுதான் நடிக்கிறான் என்று நினைத்தேன்,
உதடு நீலமாகும் வரைக்கும்.

இடத்தைப் பார்த்தேனா, நினைவில்லை.
1990க்கு அடி, 1990க்கு அடி என்று கத்தினேனாம்.
எங்களுக்கு அது ஆம்புலன்ஸ் நம்பர் மட்டும் இல்லை.
அன்றைக்கு மட்டும் அது
வெறும் நம்பராய் இருந்தது.

போ போ போ.
பனங்கிழங்கு முறிகிற சத்தம் உள்ளங்கைக்குக் கீழே கேட்டது.
முறியும், விடாதே என்று பாடத்தில் இருந்தது.
தலையணையில் அது முறியவில்லை.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, நாற்பதாயிரம்
என்று வாய் குழம்பிப்போனது.
இரண்டு மூச்சு ஊதினேன். வெத்திலை வாசம்.
திரும்பவும் ஒன்று.

சேட்டுப் போட்ட பெடியன் ஒருத்தன்
கையுறையோடு வந்து தோளைத் தொட்டான்:
அண்ணை, விடுங்கோ, நாங்க பாக்கிறம்.
விடேல்லை.
இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

ஆசுபத்திரிக் கட்டிலில்
சாய்ந்திருந்த லாபிர் என்னைக் கண்டு
ஒளிக்க இடமில்லாமல் சிரித்தான்.
சிரிக்க நெஞ்சு நொந்தது.
ரெண்டு விலாவை முறிச்சிட்டாய்,
விலாவுக்கு இருபதாயிரம் போட்டுக் கழிச்சிடு என்றான்.

சான்றிதழ் இப்போது போட்டில் தொங்குது,
உப்புக்காத்துக்குப் பொலித்தீன் சுத்தி.
குணரெ என்பவருக்கு
இன்னும் பதினாலு மாதம் செல்லுபடியாகும்.
பிறகு திரும்பவும் காசு, திரும்பவும் சோதினை.

பதினேழாம் கேள்வி வரும்.
சரியான விடை இப்போது தெரியும்.
பிழையைத்தான் குறிப்பேன்.