முன்விரோதம் காரணமாக

தம்புச் செட்டித் தெருவில்
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
டைப்பிங் பக்கத்துக்கு இருபது ரூபாய்,
நகல் இரண்டு.
அழுகைக்குத் தனியாக வாங்குவதில்லை.

'மேற்படி', 'பார்வையில் கண்ட', 'ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள்'
எல்லாம் விரல்களுக்கே தெரியும்.
'முன்விரோதம் காரணமாக' என்பதை
நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதே
அவை அடித்து முடித்திருக்கும்.

அமலோற்பவம் கொண்டுவந்த எஃப்.ஐ.ஆரிலும்
நாலாவது வரியில் அது இருந்தது.

கடலோரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள் கிழக்கு பிளாக்கில்,
கூவக்கரையிலிருந்து பெயர்த்தவர்கள் மேற்கில்,
நடுவே நாற்பதடி ரோடு.
ராத்திரி பதினோரு மணிக்கு அதில்
தண்ணீர் லாரி.
மே மாதம். இரு தரப்பினர். கைகலப்பு.
முன்விரோதம் காரணமாகக் கல்லெறிந்ததில்
ரூபன், வயது பத்தொன்பது, இறந்துபோனான்.

'என்னம்மா முன்விரோதம்?' என்றேன்.
'வந்து நாலு மாசம் ஆவுது.
அவங்க பேருகூட நமக்குத் தெரியாதே.'

எழுதிய பிறகுதான் அது வந்தது.
மேற்கில் ஏகவல்லியின் மகன் கஜேந்திரன்
தொண்ணூறு நாள் புழலில் இருந்தான்.
வெளியே வந்தபோது ரோட்டுக்கு
இரண்டு கரை முளைத்திருந்தது.
ஷேர் ஆட்டோவுக்கு இரண்டு நிறுத்தம்,
மாவு மிஷினுக்கு இரண்டு நேரம்.

சமாதானக் கூட்டம் போட்டார்கள்.
ஷாமியானா, சமோசா, பாதாம்பால்.
இரு தரப்பும் கைகுலுக்கிய படம்
மறுநாள் பேப்பரில் வந்தது.
அமலோற்பவம் கை நீட்டவில்லை:
'எம்புள்ள எப்பிடிச் செத்தான்னு சொல்லுங்க,
அப்பால குடுக்குறேன்.'
அமைதிக்குக் குந்தகம் விளைவிப்பதாக
அவளுக்கு ஒரு நோட்டீஸ்.
அதற்கும் பதில் அடித்துக் கொடுத்தேன்,
காசு வாங்காமல்.

பிறகு வளர்ச்சி வந்தது.
பத்து மாடிச் சுவரில் பத்து மாடி உயரக் கிளி,
பூங்கா, ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவிகள்,
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை
யாரோ மறக்காமல் எடுத்துப்போனார்கள்.
ஊஞ்சல் ஆளில்லாமலே துருப்பிடித்தது.
குடிநீர்க் குழாய் பதிக்கச்
சுண்ணாம்புக்கோடு போட வந்தார்கள், மூன்று தடவை.
மூன்று தடவையும் விடிவதற்குள்
கோடு அழிந்திருந்தது.
கிழக்கே போய்விடுமோ என்று மேற்கும்
மேற்கே போய்விடுமோ என்று கிழக்கும்.
லாரிக்காரருக்கு ஆறு வருஷம் நல்ல வியாபாரம்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை, மூன்றாம் பக்கம்:
இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது.
நகல் அடிக்கையில் என் விரல் நின்றது.
கல் எப்படி அய்யா இடுப்பை நொறுக்கும்
என்று வக்கீலிடம் கேட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
பிறகு
பின்விளக்கு இல்லாத லாரி,
ரிவர்ஸ் எடுத்த கிளீனர், லைசென்ஸ் இல்லாதவன்,
எழுதியவருக்கு எல்லாம் தெரியும் என்பது,
ஒவ்வொன்றாக வந்தன, வாய்தா வாய்தாவாக.
ஏழாம் வருஷம் தீர்ப்பு.
கஜேந்திரன் பேர் கழிந்தது.

பதினாறாம் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்:
'முன்விரோதம் இருந்ததற்கு எந்தச் சாட்சியமும் இல்லை.'
இன்னொரு வாட்டி படி என்றாள்.
பிறகு, அதை மட்டும் தனியா அடிச்சிக் குடு,
எழுத்து பெருசா இருக்கட்டும்.
எத்தனை காப்பி என்றேன்.
'ரெண்டு.'

நஷ்டஈடு அப்பீலில் நிற்கிறது.
லாரி முதலாளி ஜாமீனில் நடமாடுகிறார்.
ரோட்டைத் தாண்டி யாரும்
யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.
ஆனால் நாலாவது கோடு அழியவில்லை.
மழையில் மங்கிய இடத்தை
செங்கல் துண்டால் யாரோ
திரும்ப இழுத்து வைத்திருந்தார்களாம்.

குழாய் வரும்வரை லாரிதான்.
போன வாரம், வரிசையில்,
அமலோற்பவம் தன் குடத்தை
ஏகவல்லி குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சொன்னாளாம்:
'உள்ள அடுப்புல சோறு இருக்குது.
லாரி வந்தா ஒரு குரல் குடு.'