அத்தாந்த்ர

செய்துங்கநல்லூர் கேட்டை அடைத்துவிட்டார்கள்.
ஸ்கூட்டியை அணைத்துத் தாளை எடுக்கிறேன்.
அத்தாந்த்ர: காத்திருத்தல்.
ரெகுலர் வினை, பயப்பட வேண்டாம் என்கிறது
கியூபெக் பரீட்சைக்கான கோச்சிங் நோட்டு.

ஜோரே அத்தாந்த்யூ.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
காத்திருந்திருப்பேன்.
இருப்புக்கு மேல் இன்னொரு இருப்பு,
டிபன் கேரியர் அடுக்கு மாதிரி.

அவர்களுக்கு அது நிச்சயம்.
மார்ச் வந்தால் ஆறு வருஷம்
காத்தாயிற்று என்று வரவு வைக்கலாம்.
என் வாயில் அதே சொல்
முன்னால் ஒரு 'இருந்தால்' கேட்டு நிற்கிறது.
சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன், எபனேசர்.
நீ சொல்லவில்லை.

த்யூ ஓரா.
நீ காத்திருந்திருப்பாய்.
இது வெறும் ஊகம்,
தாளிலும் அடிக்குறிப்பாக அப்படித்தான் இருக்கிறது.

இல் ஓரா, ஒருவனுக்கு. இல்ஸோரோன், பலருக்கு.
எங்கள் பக்கம் 'காத்திருந்திருப்பாவ' போதும்,
மரியாதையோ கூட்டமோ,
கேட்கிறவர் பிரித்துக்கொள்வார்.
ஹைகிரவுண்டில், பதினாலாம் கட்டிலில்,
'சிஸ்டர் இந்நேரம் கிளம்பியிருப்பாவ' என்று
யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார்.
கிளம்பித்தான் இருக்கிறேன் ஐயா,
கேட்டில் நிற்கிறேன்.

நூஸோரோன்.
இதில்தான் மாட்டிக்கொண்டேன்.
நாங்களா, நாமா?
ஒரே ஒரு நூ கொடுத்திருக்கிறார்கள்,
உன்னைச் சேர்த்தா விட்டா என்று
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

திருச்செந்தூர் பாசஞ்சர் போயிற்று,
எட்டுப் பெட்டியும் எண்ணாமல்.
கம்பி மேலே ஏறுகிறது.
பின்னால் வாழைத்தார் லாரி ஹாரன் அடிக்கிறது:
'எம்மா, வண்டிய எடுங்க.'

வூஸோரே மிச்சம் இருக்கிறது.