மூன்றாவது செவ்வாய்

வேல்ஸில், இந்த மலைத்தெருவில்
மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் குப்பை லாரி.
போன செவ்வாய்க்கு கெதின்
இரவு ஷிஃப்ட் முடிந்து அசந்து தூங்கிவிட்டான்.
ஆக, ஆறு வாரம்.

ஆகஸ்டில் ஆறு வாரம் என்றால்
இரட்டைப் பிள்ளைகளின் டயப்பர்,
கோழி எலும்பு, மீன்தோல்,
மூடிமேல் ஒரு செங்கல்.
செங்கல்லை நரி தள்ளிவிட்டது.
மிச்சத்தைக் கடற்காகம் பார்த்துக்கொண்டது.
மூடியின் உள்விளிம்பில்
வேகவைத்த அரிசி என்று நினைத்தேன்,
நெளிந்தது.

இன்று ஒருவழியாக லாரி வந்து போனது.
தொட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்தான் கெதின்.
இரண்டு கெட்டில் வெந்நீர், வினிகர், தேய்ந்த துடைப்பம்.
இடுப்புவரை உள்ளே போய்விட்டான்.
வெளியே காலுறைகள் மட்டும்:
ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.
உள்ளிருந்து ஒரு வசவு
பீப்பாய்க் குரலில் தெருமுனைவரை போனது.

எதிர்வீட்டு எலுனெட் சாலையைக் கடந்து வந்தார்.
புகார் சொல்லத்தான் என்று நினைத்தேன்.
"நான் ஒற்றைக்கட்டை.
என் தொட்டி பாதிகூட நிறைவதில்லை.
டயப்பரை அதில் போடு."
திரும்பி நாலடி நடந்தவர் நின்று,
"இரட்டை முடிச்சாகப் போடு."

தொட்டி சொன்னது:
நன்றி… ன்றி… றி…

வெயிலில் கவிழ்த்துவைத்த அதன்மேல்
கடற்காகம் வந்து உட்கார்ந்தது.
கொத்திப் பார்த்தது, இரண்டு தரம்.
வினிகர்.