எட்டாம் மன்றாட்டு

ஏழு முறை மண்டியிட்டாயிற்று.
திருச்சபைக்கு, அரசருக்கு,
நோயாளிகளுக்கு, சிறையில் கிடப்பவர்களுக்கு,
தப்பறையில் விழுந்தவர்களுக்கும்கூட.
"முழந்தாளிடுவோம்" என்பார் திருத்தொண்டர் வுல்ஃப்ராத்.
கல்தரை சில்லிடும்.
"எழுந்திருங்கள்."
என் வலது முட்டி மட்டும்
கொஞ்சம் தாமதமாக எழும்.
துணி வெளுக்கிறவளின் முட்டி.
ஸோன் ஆற்றின் கற்களெல்லாம்
அதற்கு அத்துப்படி.

எட்டாவது, யூதருக்கு.
அதற்கு மட்டும் யாரும் மண்டியிடக் கூடாது.
அன்றைக்கு அவர்கள் மண்டியிட்டு
ஆண்டவரைக் கேலி செய்தார்களாம்.

சுவர்ச் சித்திரத்தில்
மண்டியிட்டுச் சிரிக்கிறவர்கள்
தலைக்கவசம் போட்டிருக்கிறார்கள்,
நம் கோமகனின் காவலர்களைப் போல.
எனக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும்.
இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

இந்தப் பெரிய வெள்ளியன்று
எட்டாவதைத் தொடங்கினார்.
என் முட்டி மடங்கிவிட்டது.

பழக்கம்தான்.
ஊரே நிற்கிறது, நான் மட்டும் கீழே,
சேறு காய்ந்த செருப்புகளுக்கு நடுவில்.
அதில் ஒரு ஜோடி என் கணவனுடையது.
அது ஓரடி தள்ளிப் போனது.

அந்த நேரம் காவ்தியோசாவை நினைத்தேன் என்றால்
பொய்.
பிறகுதான் நினைத்தேன்.
திராட்சை மது விற்கும் பாரகோரின் மனைவி.
பனி உருகி ஆறு தெருவுக்குள் வந்த இரவில்
கால் முதலாக வந்த என் பிள்ளையைத்
திருப்பி எடுத்தவள்.
அந்தப் பிள்ளைதான் போன வருடம்
அவள் சன்னலில் கல்லெறிந்தான்.
நான் அவனை அடிக்கவில்லை.
சின்னக் கல்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாவது, சிலைகளைக் கும்பிடுகிறவர்களுக்கு.
அதற்கு எல்லோரும் மண்டியிட்டார்கள்.
கூட்டத்தில் நான் காணாமல் போனேன்.
அப்பாடா என்றிருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாசலில் வுல்ஃப்ராத் மறித்தார்.
"ஏன், ஆஸ்திரதா?"
"முட்டி வலி, சாமி."
மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் என்றார்.
பஞ்ச காலத்தில் அது விருந்து.

வீட்டுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.
பாஸ்கா கழியும்வரை
அவர்கள் தலை வெளியே தெரியக் கூடாதென்று கட்டளை.
சன்னல் பலகையில் கல் பட்ட தழும்பு.
இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம்.
தட்டக் கை தூக்கினேன்.
முட்டிக்கு இருந்த துணிச்சல்
கைக்கு இல்லை.

உள்ளே யாரோ இருமினார்கள்.
நோயாளிகளுக்கான மன்றாட்டு
எப்போதோ முடிந்திருந்தது.