இருபது நிமிடம்

பதினோரு வருடம்
மொபெனி ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
மார்ச்சில் பகலுக்கு மாற்றினார்கள்.
கடிதம் எனக்கு வந்தது,
உடம்புக்கு வரவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அது எழுந்து
வலைத்தொப்பியைத் தேடும்.
பக்கத்தில் தயாளன்
மாவு உப்புவதுபோல் மூச்சுவிட்டுத் தூங்குவார்.
எனக்குக் கோபம் வரும், பாவம், அவர்மேல்.

"மாத்திரை எங்கே ஓடிவிடும்?" என்றாள்
கிளினிக் நர்ஸ் நொக்குதுலா.
சீட்டில் ஒரே சொல்: இலங்கா.
விடிந்ததும் இருபது நிமிடம்,
கறுப்புக் கண்ணாடி கூடாது.
ஜூலுவில் அது சூரியன்.
இலங்குவதால் இலங்கா என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

சாட்ஸ்வொர்த்தில் ஜூலைக் குளிர்.
ஏழு மணிக்குக் கேட்டருகே
பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
மேட்டைத் தாண்டிய வெயில்
எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவைத் தொட்டு,
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளைத் தொட்டு,
பென்ஷன் வரிசையில் நகர்பவர்போல்
கடைசியில் என்னிடம் வந்தது.
"சாவியைத் தொலைத்துவிட்டீர்களா?"
வேலியருகே மிசஸ் ரெங்கசாமி.
"இல்லை, மருந்து சாப்பிடுகிறேன்."

ஒரு வாரம் கொட்டாவிதான்.
மேகம் மூடினாலும் உட்காரச் சொல்லியிருந்தாள்,
உட்கார்ந்தேன்.
ஒன்பதாம் இரவு
இரண்டு மணி என்னை எழுப்பாமல்
வீட்டைத் தாண்டிப் போயிற்று.
காலையில் தயாளன்தான் சொன்னார்,
நான் குறட்டை விட்டேனாம்.

மேலோடு சிவக்குமுன் அடுப்பைத் திறக்காதே என்று
ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்.
இப்போது உள்ளே இருப்பது நான்.
கூப்பிடாதீர்கள்,
இன்னும் ஆறு நிமிடம்.